மரத்தில் செதுக்கிய மறைநூல்

1498-ஆம் ஆண்டு என்றவுடன், நம் நாட்டுச் சரித்திரம் பயின்றோர்க்கு வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கள்ளிக்கோட்டைக் கடற்கரையை அடைந்த செய்தியே நினைவுக்கு வரும். பள்ளியில் நாம் அனைவரும் மனனம் செய்த ஆண்டு அது. அதே ஆண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 27 வயதை எட்டிய ஓர் ஓவியர், தாமே வரைந்து, தாமே பொருள் செலவிட்டு, தம் பெயராலேயே ஒரு நூலை அச்சிட்டு வெளியிட்டார். கிறிஸ்தவ வேதத்தின் இறுதிப் பகுதியாகிய யோவானின் வெளிப்படுத்தின விசேஷம் என்பதே அந்நூல். அதில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட 15 பெரும் படங்கள் இருந்தன. ஓவியர் ஒருவர் தாமே பதிப்பாளராகவும் நின்று ஒரு நூலை வெளியிட்டது மேலை நாட்டில் அதுவே முதன்முறை என்பர்.

அந்த ஓவியரின் பெயர் ஆல்பிரெக்ட் டியூரர். உலகப் பெருங்கலைஞர் வரிசையில் லியோனார்டோ, மைக்கேலாஞ்சலோ, ராபேல் ஆகியோருடன் ஒருங்கே வைத்து எண்ணப்படுபவர். மன்னர்களாலும் அறிஞர்களாலும் மதிக்கப்பட்டவர். ஆயினும் அவர் வாழ்வை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுத நாம் விரும்பியதற்கு அவருடைய புகழ் மட்டும் காரணமன்று. பிழைப்பைத் தேடி வேற்றூரில் குடியேறிய ஒரு தொழிலாளியின் மகன் அவர் என்பதும், தம் உழைப்பின் பயன் தமக்கே உரியது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் என்பதும் நம் மனத்தைக் கவர்ந்தன.

குடியேறிய குடும்பம்

டியூரரின் தந்தை ஹங்கேரி நாட்டில் கியூலா என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஆய்தோஷ் என்ற சிற்றூரில் பிறந்தவர். பொற்கொல்லர் மரபினர். பல ஊர்களில் தொழில் பழகிய பின் 1455-ஆம் ஆண்டு நியூரம்பர்க் நகருக்கு வந்து சேர்ந்தார். ஹோல்பர் என்ற பொற்கொல்லரிடம் நெடுங்காலம் பணி செய்து, 1467-இல் அவருடைய மகள் பார்பராவை மணந்து அந்நகரத்தவரானார். அப்போது மணமகனுக்கு வயது 40, மணமகளுக்கு 15.

ஆய்தோஷ் என்னும் ஊர்ப்பெயர் ஹங்கேரி மொழியில் கதவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. புது ஊரில் அப்பெயர் எவர்க்கும் விளங்காது. ஆகவே கதவைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லால் குடும்பம் அழைக்கப்படலாயிற்று. அதுவே மருவி டியூரர் என நிலைத்தது. பிற்காலத்தில் இக்குடும்பத்தின் சின்னத்தில் திறந்த கதவு ஒன்று வரையப்பட்டது. வெளியூரில் வாழ்வோர் தம் பெயரைச் சுருக்கியும் திரித்தும் சொல்ல நேர்வதை நாம் நன்கறிவோம். ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னும் அது அப்படியே நடந்திருக்கின்றது.

இத்தம்பதியர்க்கு 18 மக்கள் பிறந்தனர். அவர்களுள் மூன்றாவதாக 1471 மே மாதம் 21-ஆம் நாள் பிறந்தவரே நம் ஓவியர். பிறந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் இளமையிலேயே இறந்தனர். நன்கு வளர்ந்து நிலைத்தவர் ஆண்மக்கள் மூவரே. அந்தத் தாய் எத்தனை முறை தொட்டிலையும் எத்தனை முறை சவப்பெட்டியையும் கண்டிருப்பார் என்பதை நம் வீட்டுப் பாட்டிமார்களே உணர வல்லவர்.

தொழில் மாற்றம்

அக்கால வழக்கப்படி மகன் தந்தையின் பட்டறையிலேயே பொன்வேலை பழகினார். பொன்தகட்டில் நுண்ணிய கோடு கீறும் கைத்திறன் அவர்க்கு அங்கே கிட்டியது. 1484-இல், 13 வயதில், கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்து வெள்ளிமுனைக் கோலால் ஒரு படம் வரைந்தார். அப்படம் இன்றும் வியன்னா நகரில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. ஓவியத்தையே தொழிலாகக் கொள்ள வேண்டுமென்று அவர் தந்தையிடம் தெரிவித்தபோது, பொன்வேலையில் கழிந்த ஆண்டுகள் வீணாயினவே என்று தந்தை வருந்தினார். எனினும் மகனின் விருப்பத்துக்கு இணங்கி, 1486-இல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் மூன்றாண்டுகள் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். மனம் நொந்தும் வழிவிட்ட அந்தத் தந்தையை நாம் போற்றுதல் தகும்.

வோல்கெமுட்டின் பட்டறை, நூல்களுக்கு மரக்கட்டைப் படங்கள் தயாரிப்பதில் பெயர் பெற்றது. டியூரரின் ஞானத்தந்தையாகிய கோபர்கர், ஐரோப்பாவிலேயே பெரிய அச்சகத்தார்களுள் ஒருவர். அவரும் பொன்வேலையை விட்டு அச்சுத் தொழிலுக்கு வந்தவரே. அவருடைய அச்சகத்தில் 24 அச்சுப்பொறிகள் இயங்கின என்பர். 1483-இல் அவர் படங்களுடன் கூடிய ஜெர்மன் வேதாகமத்தை அச்சிட்டார். 1493-இல் உலக வரலாற்று நூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூலில் 1,800-க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. ஆனால் கட்டைகளோ ஏறத்தாழ 645 மட்டுமே. ஒரே கட்டையை வெவ்வேறு நகரங்களுக்கும் வெவ்வேறு மன்னர்களுக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்திவிட்டனர்! படம் என்பது பக்கத்தை நிரப்பும் அலங்காரம் என்ற எண்ணமே அன்று பரவியிருந்தது. அவ்வெண்ணத்தை மாற்றியவர் டியூரர்.

பயிற்சி முடிந்தபின் அவர் 1490 முதல் நான்காண்டுகள் ஊர் ஊராகச் சென்று தொழில் கற்றார். செப்புத்தகட்டு ஓவியத்தில் வல்லவரான ஷோன்கௌவரைக் காணும் ஆவலோடு 1492-இல் கொல்மார் நகரை அடைந்தார். ஆனால் அப்பெரியார் முந்திய ஆண்டே காலமாகியிருந்தார். அவருடைய சகோதரர்கள் இளைஞரை அன்புடன் வரவேற்றனர். பின்னர் பாசல் நகரில் அவர் அச்சகத்தார்களுக்காகப் படங்கள் வரைந்தார். அவற்றுள் புனித ஜெரோமின் படத்துக்குரிய கட்டையின் பின்புறத்தில் அவர் தம் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார். அக்கட்டை இன்றும் அந்நகரில் இருக்கின்றது.

அவர் வெளியூரில் இருக்கையிலேயே தந்தை அவர்க்குப் பெண் பார்த்து நிச்சயித்துவிட்டார். 1494 ஜூலை 7-ஆம் நாள் ஆக்னஸ் என்னும் நங்கையை அவர் மணந்தார். சீர்வரிசையாக 200 பொற்காசுகள் வந்தன. மணமான சில மாதங்களில் நகரில் கொள்ளைநோய் பரவவே, அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி சென்று, மறு ஆண்டு திரும்பித் தம் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார்.

கட்டை அச்சு என்பது யாது?

இவ்விடத்தில் அத்தொழிலின் இயல்பைச் சிறிது விளக்குதல் நலம். அலுவலகத்தில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் ரப்பர் முத்திரையை எடுத்துக்கொள்வோம். எழுத்துகள் அதில் இடவலமாகத் திரும்பியும் மேடாகவும் இருக்கும். மேட்டில் மட்டுமே மை படும். பள்ளத்தில் படாது. சீலைகளுக்குப் பூவேலை அச்சிடும் மரக்கட்டைகளும் அவ்வகையினவே. டியூரர் காலத்து நூற்படங்களும் இம்முறையிலேயே அமைந்தன.

பேரி மரம் போன்ற நெருங்கிய இழையுள்ள பலகையை வழுவழுப்பாக இழைத்து, அதன் மீது படத்தை எழுதுவர். பிறகு கோடுகளை மட்டும் நிறுத்தி, கோடுகளுக்கு இடைப்பட்ட இடமனைத்தையும் கத்தியாலும் உளியாலும் அகற்றுவர். ஒரு கோட்டை மேடாக நிறுத்த அதன் இருபுறமும் வெட்ட வேண்டும். கைதவறி ஒரு கோடு உடைந்தால் மீண்டும் ஒட்டுவது எளிதன்று. இவ்வாறு அமைந்த கட்டையின் உயரம் ஈய எழுத்துகளின் உயரத்துக்கு ஒத்திருக்குமாயின், படமும் எழுத்தும் ஒரே பொறியில் ஒரே அழுத்தத்தில் அச்சாகிவிடும். செப்புத்தகட்டுப் படத்துக்கோ வேறு வகைப் பொறி வேண்டும். ஆகவேதான் விலை குறைந்த நூல்களுக்கும் பொதுமக்களின் பக்திப் படங்களுக்கும் மரக்கட்டையே உகந்ததாயிற்று.

டியூரர்க்கு முன் மரக்கட்டைப் படங்கள் பெரும்பாலும் தடித்த புறக்கோடுகளாகவே இருந்தன. வாங்கியவர் வண்ணம் தீட்டினால்தான் அவை நிறைவு பெறும். பொன்வேலையில் பழகிய டியூரரின் கை, தடித்தும் மெலிந்தும் வளைந்தும் செல்லும் கோடுகளாலேயே ஒளியையும் நிழலையும், மேகத்தையும் நெருப்பையும், துணியின் மடிப்பையும் காட்டிற்று. கறுப்பு மை ஒன்றே போதும், வண்ணம் வேண்டுவதில்லை என்னும் நிலை அவரால் ஏற்பட்டது.

அந்தப் பெருநூல்

1498-இல் வெளிவந்த நூலில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 39 செண்டிமீட்டர் உயரமும் 28 செண்டிமீட்டர் அகலமும் உடையது. ஏட்டின் ஒருபுறம் முழுப்பக்கப் படமும் மறுபுறம் வேதவாசகமும் அச்சாயின. நூலை விரித்தால் ஒரு பக்கம் படமும் எதிர்ப்பக்கம் எழுத்துமாகக் காட்சியளிக்கும். லத்தீன் மொழியில் ஒரு பதிப்பும் ஜெர்மன் மொழியில் ஒரு பதிப்பும் வந்தன. கற்றோர்க்கு ஒன்று, சந்தைக்கு வரும் சாதாரணக் குடிமக்களுக்கு ஒன்று. எழுத்தறியாதவர்க்கோ படங்களே போதுமானவை.

கி.பி. 1500-ஆம் ஆண்டு நெருங்குகின்றது, உலகம் முடியப்போகின்றது என்ற அச்சம் மக்களிடையே நிலவிய காலம் அது. கொள்ளைநோயும் போரும் அந்த அச்சத்தை வளர்த்தன. அவ்வச்சத்துக்கு உருவம் கொடுத்ததே இந்நூல். நான்கு குதிரை வீரர்கள் என்னும் படம் இவற்றுள் தலையாயது. வில்லேந்தியவன், வாளேந்தியவன், தராசேந்தியவன் ஆகிய மூவரும் வரிசையாகப் பாய்ந்து வருகின்றனர். நான்காவதாக எலும்புந்தோலுமான குதிரை மீது மரணம் வருகின்றது. குளம்பின்கீழ் ஆணும் பெண்ணும் விழுந்து கிடக்கின்றனர். ஒரு மூலையில் நரகம் கொடிய விலங்கின் வாயாகத் திறந்து, உயர்பதவியின் முடி தரித்த ஒருவரையும் விழுங்குகின்றது. பட்டமும் பதவியும் அங்கே துணை செய்யவில்லை என்பதைப் படிப்பறிவில்லாத உழவனும் கண்டு கொண்டிருப்பான்.

மற்றொரு படத்தில், தூண் போன்ற கால்களையுடைய தேவதூதன் நீட்டும் நூலை யோவான் வாயிலிட்டு உண்ணுகின்றார். வேதவாசகத்தில் உள்ளபடியே வரைந்த காட்சி அது. வேறொன்றில், வானத்தில் மிக்கேல் தூதர் நீண்ட ஈட்டியால் அரவத்தைக் குத்தி வீழ்த்துகின்றார். அதன் கீழேயோ வயலும் ஊரும் நீர்நிலையும் ஏதுமறியாதவைபோல் அமைதியாகக் கிடக்கின்றன. கடைசிப் படத்தில் தீமை பாதாளத்தில் அடைக்கப்படுகின்றது. யோவானுக்குப் புதிய எருசலேம் நகரம் காட்டப்படுகின்றது. அந்நகரம் எவ்வாறிருக்கின்றது? கோபுரமும் மதிலும் வாயிலும் உள்ள ஒரு ஜெர்மன் நகரமாகவே இருக்கின்றது! தாம் வாழ்ந்த மண்ணிலேயே தெய்வநகரைக் கண்டார் அக்கலைஞர். குடியேறியவரின் மகனுக்கு அவ்வூர் சொந்த ஊராகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒவ்வொரு படத்திலும் அவர் தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பொறித்தார். பெரிய ஆங்கில ஏ எழுத்தின் கால்களுக்கு நடுவே சிறிய டி எழுத்து நிற்கும். அச்சின்னம் பின்னர் ஐரோப்பா முழுதும் அறியப்பட்ட அடையாளமாயிற்று. பிற்காலத்தில் பலர் இந்நூலை ஏடு ஏடாகப் பிரித்து விற்றுவிட்டமையால், முழு நூலாகக் கட்டப்பட்ட பழம்படிகள் இன்று அரியனவாயின.

விற்றவர் யார்?

நூலை அச்சிட்டுவிட்டால் போதுமா? விற்க வேண்டுமே! இப்பணியில் டியூரர்க்கு வலக்கையாக விளங்கியவர் அவர் மனைவி ஆக்னஸ். பிராங்க்பர்ட் நகரத்துப் பெருஞ்சந்தைக்குப் படங்களை எடுத்துச் சென்று விற்றவர் அவரே. முதிய தாய் பார்பராவும் நியூரம்பர்க் சந்தையில் கடை பரப்பினார். வெளியூர்களில் விற்க முகவர்களும் அமர்த்தப்பட்டனர். தேவாலயத்துக்குப் பெரிய ஓவியம் வரைந்தால் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் கொடுப்பவர் மனம்போலவே கூலி கிட்டும். ஒரு கட்டையிலிருந்தோ நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். பிரபுவின் வாயிலில் காத்து நில்லாமல் மக்களிடமே நேரே விற்கலாம். டியூரர் கண்ட விடுதலை இதுவே.

கணவன் இறந்தபின் அவருடைய நண்பர் பிர்க்ஹைமர், ஆக்னஸ் பணத்தாசையால் கணவரை வருத்தியவர் என்று பழித்து எழுதினார். அப்பழி நெடுங்காலம் நிலைத்துவிட்டது. வெயிலிலும் பனியிலும் சந்தையில் நின்று குடும்பத்தைத் தாங்கிய ஒரு பெண்மணிக்கு நேர்ந்த அநீதி அது என்றே நாம் கருதுகின்றோம். ஆராய்ச்சியாளர் பலரும் இப்போது அப்பழியை ஏற்பதில்லை.

களவும் காவலும்

1505-இல் டியூரர் மீண்டும் வெனிஸ் நகரம் சென்று 1507 வரை தங்கினார். அங்கு வாழ்ந்த ஜெர்மன் வணிகர்கள் தம் கோயிலுக்கென அவரிடம் ஓர் ஓவியம் வரையச் சொல்லிப் பெற்றனர். வெளியூரில் ஒன்றுகூடி வாழ்ந்த வணிகர் செய்த அப்பணி, காலனிகளில் சங்கமும் பஜனை மடமும் நிறுவிய நம்மவர்க்குப் புதிதாகத் தோன்றாது. முதுபெரும் ஓவியர் பெல்லினி அவரைப் பாராட்டினார். வெனிஸ் நகரில் ஓவியன் கண்ணியவானாக மதிக்கப்படுகின்றான், தம் நகரிலோ அண்டிப் பிழைப்பவனாக எண்ணப்படுகின்றான் என்று அவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மனம் நொந்தார்.

அவருடைய புகழ் பரவவே போலிகளும் பெருகின. மார்க்கன்டோனியோ ராய்மோண்டி என்ற இத்தாலியச் செதுக்குநர், கன்னி மரியின் வாழ்வைக் காட்டும் டியூரரின் மரக்கட்டைப் படங்களை அவருடைய சின்னத்தோடு சேர்த்தே செப்புத்தகட்டில் பெயர்த்து விற்றார். டியூரர் வெனிஸ் ஆட்சியாளரிடம் முறையிட்டதாகவும், படத்தைப் பெயர்க்கலாம், சின்னத்தைப் பொறிக்கலாகாது என்று தீர்ப்பு வந்ததாகவும் பின்னாளில் வசாரி என்பவர் எழுதிவைத்தார். 1511-இல் டியூரர் வெளிப்படுத்தின விசேஷத்தைப் புதிய முகப்புப் படத்துடன் மறுபதிப்புச் செய்தார். இயேசுவின் பாடுகளையும் கன்னி மரியின் வாழ்வையும் காட்டும் நூல்களையும் உடன் வெளியிட்டார். பிறர் உழைப்பைத் திருடுவோர் பேரரசர் மாக்சிமிலியனின் ஆணைப்படி தண்டிக்கப்படுவர் என்ற கடும் எச்சரிக்கை அவற்றின் இறுதியில் அச்சிடப்பட்டது. 1512-இல் நியூரம்பர்க் நகர மன்றமும், போலிச் சின்னமிட்ட படங்களை விற்ற அயலூரான் ஒருவனை அச்சின்னத்தை நீக்குமாறு கட்டளையிட்டது. ஆக்கியோன் உரிமை என இன்று சட்டம் பேசும் கொள்கைக்கு இவை தொடக்க காலச் சான்றுகளாகும்.

நம் நாட்டுக் காண்டாமிருகம்

டியூரரின் மரக்கட்டைப் படங்களுள் உலகெங்கும் பரவிய ஒன்று நம் பாரத நாட்டோடு தொடர்புடையது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா, போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசளித்தார். அது கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே 20-ஆம் நாள் லிஸ்பன் நகரை அடைந்தது. ரோமாபுரிக் காலத்துக்குப் பின் ஐரோப்பியர் அவ்விலங்கைக் கண்டதில்லை. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. அதனை யானையோடு மோதவிட்டபோது யானை ஓடிவிட்டதாம். பிறகு போர்ச்சுகல் மன்னர் மானுவேல் அதனைப் போப்பரசர் பத்தாம் லியோவுக்குக் காணிக்கையாக அனுப்பினார். வழியில் 1516-இன் தொடக்கத்தில் கப்பல் மூழ்கி அந்தப் பாவப்பட்ட பிராணி மாண்டது.

டியூரர் அவ்விலங்கைக் கண்ணால் கண்டவரல்லர். லிஸ்பனிலிருந்து வந்த கடிதத்தையும் கோட்டுப்படத்தையும் வைத்தே வரைந்தார். உடலைப் போர்க்கவசம் போலவும், தோளுக்கு மேல் இன்னொரு சிறு கொம்பு இருப்பது போலவும் அமைத்துவிட்டார். ஆயினும் அப்படத்தின் உயிர்த்துடிப்பு, ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஐரோப்பிய விலங்கு நூல்களில் அதனையே உண்மை உருவமாக நிலைக்கச் செய்தது. அச்சின் ஆற்றல் எத்தகையது என்பதற்கும், அச்சிட்டதெல்லாம் மெய்யாகிவிடாது என்பதற்கும் இது ஒன்றே சான்று.

கணக்கேடு எழுதிய கலைஞர்

1514 மே மாதம் அவர் தாய் இறந்தார். அதற்கு இரு மாதங்களுக்கு முன், எலும்பெடுத்து வாடிய அம்முகத்தைக் கரியால் வரைந்து வைத்தார். அழகுபடுத்தாமல் உள்ளபடி வரைந்த அப்படத்தைக் காண்போர் கண்கலங்காதிரார்.

1515-இல் பேரரசர் ஆண்டுக்கு 100 பொற்காசு ஓய்வூதியம் வழங்க ஆணையிட்டார். 1519-இல் அவர் இறக்கவே நகர மன்றம் தொகையை நிறுத்திற்று. புதிய பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் ஆணையைப் புதுப்பிக்க வேண்டி, 1520 ஜூலையில் டியூரர் மனைவியுடனும் பணிப்பெண்ணுடனும் நெதர்லாந்து நோக்கிப் புறப்பட்டார். ஓய்வூதியத்துக்காக அலுவலகப் படிகள் ஏறியிறங்கும் துன்பம் அன்றும் இருந்தது!

இப்பயணத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. வண்டிக்கூலி, சுங்கம், உணவு, சலவை, மருந்து என ஒவ்வொரு காசும் அதில் பதிவாகியுள்ளது. கணக்குப் பிரிவில் காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு அதைப்போல் சுவையான ஏடு வேறில்லை. தம் நூல்களையும் படங்களையும் மூட்டையாகக் கொண்டு சென்று, விருந்தளித்தவர்க்கு அன்பளிப்பாகவும் வேண்டியவர்க்கு விலைக்கும் கொடுத்தார். பிரஸ்ஸல்ஸ் நகரில் மெக்சிகோவிலிருந்து வந்த பொன்வேலைப்பாடுகளைக் கண்டு, தூர தேசத்து மக்களின் நுண்ணறிவை எண்ணி வியந்தார். அவை எத்தனை மதிப்புடையன என்று எண்ணியதோடு நில்லாமல், செய்தவர் கைத்திறனைப் போற்றிய பொற்கொல்லர் மகன் அவர். கரையொதுங்கிய திமிங்கிலத்தைக் காணச் சீலாந்து சென்று, அது மீண்டும் கடலோடு போய்விட்டதால் காணாமலே திரும்பினார். அங்கே பற்றிய காய்ச்சல் இறுதிவரை அவரை விடவில்லை. ஓய்வூதிய ஆணை நவம்பரில் கிடைத்தது. மொத்தக் கணக்கில் தமக்கு நட்டமே என்று அவர் எழுதி முடித்தார்.

இறுதி ஆண்டுகள்

வெனிஸ் நகரமும் ஆண்ட்வெர்ப் நகரமும் ஆண்டுதோறும் பெருந்தொகை தந்து அவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள முன்வந்தன. இரண்டையும் அவர் மறுத்தார். 30 ஆண்டுகளில் தம் சொந்த நகரத்தார் 500 பொற்காசு அளவுக்குக்கூடத் தமக்கு வேலை தரவில்லை என்று 1524-இல் நகர மன்றத்துக்கு எழுதினார். எனினும் அவ்வூரை விட்டுப் போக அவர் மனம் ஒப்பவில்லை. 1526-இல் அப்போஸ்தலர் நால்வரின் பெரும் ஓவியத்தைத் தம் நினைவாக அம்மன்றத்துக்கே அளித்தார். பெற்றதைவிட மிகுதியாகக் கொடுத்தவர் அவர்.

தாம் கற்றதைப் பிறர்க்கு மறைக்கும் இயல்பு அவரிடம் இல்லை. அளவை முறை பற்றி 1525-இலும், கோட்டை கட்டும் முறை பற்றி 1527-இலும் தாய்மொழியாகிய ஜெர்மனியிலேயே நூல்கள் எழுதினார். லத்தீன் அறியாத இளந்தொழிலாளர்க்கும் அறிவு எட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. மனித உடலின் அளவுகள் பற்றிய நூல் அச்சாகிக் கொண்டிருக்கையில், 1528 ஏப்ரல் 6-ஆம் நாள், 56-ஆம் வயதில் அவர் காலமானார். அந்நூலை அவ்வாண்டே வெளிக்கொணர்ந்தவர் ஆக்னஸ். இத்தம்பதியர்க்கு மக்கள் இல்லை. அவருடைய வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. 1835-இல் ஜெர்மனியின் முதல் நீராவி இரயில் புறப்பட்டதும் அந்த நியூரம்பர்க் நகரிலிருந்துதான் என்பதை நம் இரயில்வே அன்பர்கள் குறித்துக்கொள்வார்களாக!

டியூரர் மறைந்து சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் 16 பக்க நூல் தமிழ் எழுத்துகளில் அச்சாயிற்று. ஐரோப்பாவில் வளர்ந்த அச்சுக்கலை அவ்வாறு நம் மொழியையும் வந்தடைந்தது.

நாம் கொள்ளத்தக்கது

டியூரரின் தந்தை பிறந்த ஊர், வந்த ஆண்டு, பிறந்த பதினெண் மக்களின் பிறந்தநாள் ஆகியவற்றை நாம் எவ்வாறு அறிந்தோம்? 1524-இல், 53 வயதில், டியூரர் தந்தையின் பழைய தாள்களைக் கொண்டு ஒரு குடும்பக் குறிப்பு எழுதிவைத்தார். இறந்துபோன பச்சிளங் குழந்தைகளின் பெயரும் அவர்களுக்குப் பெயரிட்ட ஞானப்பெற்றோரின் பெயரும் அதில் உள்ளன. பேரரசர்களின் படம் வரைந்த கை, ஒரு பொற்கொல்லரின் குடும்பத்தையும் மறக்கவில்லை. அக்குறிப்பு இல்லையேல் ஆய்தோஷ் என்ற சிற்றூரின் பெயரை உலகம் கேட்டிராது.

நம் காலனியில் மூன்றாம் தலைமுறை வளர்ந்து வருகின்றது. பாட்டனார் எந்த ஊரை விட்டு, எந்த ஆண்டில், எந்த வேலைக்காக வந்தார் என்று கேட்டால் பிள்ளைகளுள் பலர்க்கு விடை தெரிவதில்லை. அறிந்த பெரியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். நம் சங்க நூலகத்தில் ஒரு தடித்த ஏட்டை வைத்து, குடும்பத்துக்கு நான்கு பக்கமாக ஒதுக்கி, பூர்வீக ஊரும் வந்த வரலாறும் பிறப்பு இறப்பு விவரமும் தமிழிலேயே எழுதுமாறு சங்கத்தார் ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது நம் விண்ணப்பம். எழுத வராத பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். அவ்வாறு எழுதுவதே அவர்கட்குத் தமிழ்ப் பயிற்சியுமாகும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவ்வேட்டின் முதற் பக்கங்கள் நிறையுமாக.